பயணத்துக்கு ஏற்ற செயலி எது? நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பயணச் செயலிகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றில் நான் முதலில் பார்ப்பது, சிக்னல் போன பிறகும் அவை கைகொடுக்கின்றனவா என்பதைத்தான். வீட்டில் அமர்ந்து திட்டமிடும்போது எல்லாச் செயலிகளும் நன்றாகவே இருக்கின்றன.

பெற்றோரை அழைத்துச் செல்லும் ரயில் பயணங்களில் ‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலிக்கு நிகரான ஒன்றை நான் கண்டதில்லை. நாம் வண்டிக்குள் இருக்கும்போது, இணையமும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமலே, செல்போன் கோபுரங்களைக் கொண்டு வண்டி எங்கே ஓடுகிறது என்று அது கணித்துவிடுகிறது. எழும்பூரில் இரவு ஏறி, விடியுமுன் கோவில்பட்டியில் இறங்க வேண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வண்டி அங்கே நிற்பது ஓரிரு நிமிடங்கள்தான். செயலியில் அலாரம் வைத்துவிட்டால், சாத்தூரைத் தாண்டும்போதே அம்மாவை எழுப்பி, பைகளைக் கதவருகே நகர்த்தி வைக்க அவகாசம் கிடைக்கிறது. கோபுரங்கள் குறைவான இடங்களில் மட்டும் வண்டியின் இருப்பிடம் சற்று நேரம் நகராமல் நின்றுவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பெட்டிகளின் வரிசையையும் இதிலேயே பார்க்கலாம் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களை நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கவிடாமல் காக்க முடிகிறது. முன்பதிவுக்கு ஐஆர்சிடிசி இருக்கவே இருக்கிறது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துவிட்டதால், பண்டிகைக் காலப் பயணத்துக்கு நாளைக் கணக்கிட்டு நினைவூட்டல் வைத்துக்கொள்வது நல்லது.

நடந்து ஊர் பார்ப்பவர்களின் தேவை வேறு. கூகுள் மேப்ஸில் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாத இடத்திலும் வண்டி ஓட்ட வழி காட்டும். நடப்பதற்கான வழியை மட்டும் அப்போது காட்டாது. ஆகவே மலையூர்களுக்குப் போகும்போது, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவுகளில் இயங்கும் ‘ஆர்கானிக் மேப்ஸ்’ செயலியையே நம்புகிறேன். பிரதான சாலைகளோடு நின்றுவிடாமல் ஒற்றையடிப் பாதைகளையும் அது காட்டுகிறது, நடைக்கும் வழி சொல்கிறது. ஆனால் வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே அந்தப் பாதையில் போக அனுமதி உண்டு என்று பொருளில்லை. யானைகள் நடமாடும் காட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுக்குள் நடக்க விரும்புவோர், வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவுசெய்து வழிகாட்டியுடன் செல்வதே முறை.

திட்டம் ஏதுமின்றிப் பேருந்து மாறி மாறிச் செல்பவர்களுக்குத்தான் செயலிகளால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. தொலைதூரப் பேருந்துக்கு ரெட்பஸ்ஸில் இருக்கை எடுத்துவிடலாம். வால்பாறையிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நான் பயன்படுத்திய எந்தச் செயலியிலும் நம்பகமான விடை கிடைத்ததில்லை. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளரையோ டீக்கடைக்காரரையோ கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். சிற்றூர்ப் பேருந்துகளின் கால அட்டவணையும் கைபேசிக்கு வருமானால், தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கும் வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கும் அது பேருதவியாக இருக்கும்.