வள்ளத்துக்கு என்ன பெயர், என்ன எண்: தரவுத்தள டிரைவர் வெளியீட்டில் எதிரெதிர் வழிகள்

ராமேசுவரம் துறையில் நிற்கும் விசைப்படகு எதை நெருங்கிப் பார்த்தாலும் அதன் பலகையில் இரண்டு வரிகள் தெரியும். ஒன்று, உரிமையாளர் விரும்பி வைத்த பெயர்: குலதெய்வம், புனிதர், அல்லது மகள். மற்றொன்று, ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் பதிவெண். படகு கைமாறினால் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு எழுதுவார்கள். எண்ணை மட்டும் அப்படியே மறுபடி தீட்டுவார்கள், ஏனெனில் மானிய டீசலும் கடலுக்குப் போகும் டோக்கனும் அந்த எண்ணுக்குத்தான் கிடைக்கும்.

ஒரு தரவுத்தள டிரைவரை, அதாவது நம் மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே பேசும் நிரலை, திறந்த மூலமாக வெளியிட முனைந்தபோது எங்களுக்கு முன் நின்றவையும் இந்த இரண்டு வரிகள்தாம். மண்டபத்திலும் கீழக்கரையிலும் இருந்தபடி வேலை பார்க்கும் நாங்கள் மூவர், மீன் ஏலக் கணக்கு மென்பொருளுக்காகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் பேசும் ஒரு சிறிய டிரைவரை முழுக்கப் பைத்தானிலேயே எழுதினோம். ஏலக்கூடத்து மேசையில் இருக்கும் சிறு கணினிகளில் சி மொழி நூலகம் எதையும் தொகுக்க நேரக்கூடாது, இணைப்பு அறுந்தால் தானாக மறுபடி சேர வேண்டும் என்பவை மட்டுமே எங்கள் தேவைகள். நிரலை எழுதி முடிக்க ஆனதைவிட, அதற்கு என்ன பெயர், எந்த எண், எப்போது வெளியீடு என்று முடிவுசெய்ய எங்களுக்குக் கூடுதல் காலம் ஆனது. அந்தக் காலம் வீண்போகவில்லை என்றே நம்புகிறேன். ஏனெனில் டிரைவரின் பெயரை யாரோ ஒருவர் தம் அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டுப் பல ஆண்டுகள் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னர் நாம் மனம் மாறினால் அதன் செலவு அவர் தலையில் விழுகிறது.

பெயரில் முதலாவது வழி, தரவுத்தளத்தின் பெயரையே சூடிக்கொள்வது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் உலகில் போஸ்ட்கிரெஸ் டிரைவரை வெறும் 'பிஜி' என்ற ஈரெழுத்தால் நிறுவலாம். தேடுபவருக்கு இதைவிட எளிது இல்லை. ஆனால் அத்தகைய பெயர் முதலில் வந்தவருக்கு மட்டுமே கிடைக்கும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தளப் பெயர்கள் பதிவு பெற்ற வணிகக் குறிகளாகவும் இருப்பதால், அவற்றை முழுமையாகப் பெயரில் வைப்பவர் அந்தந்த உரிமையாளரின் விதிகளைப் படித்தே ஆகவேண்டும். இன்னொரு வகை, 'பெட்டர்-எஸ்கியூலைட்3' போலத் தன்னைச் சிறந்தது என்று பெயரிலேயே சொல்லிக்கொள்வது. அந்த நூலகம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒப்பீட்டைப் பெயராக்கினால், எதனோடு ஒப்பிட்டோமோ அது மாறும் நாளில் பெயர் பழசாகிவிடும்.

மூன்றாவது வழி தனிப்பெயர். மைஎஸ்கியூஎல்லில் உள்ள 'மை'யும் மரியாடிபியில் உள்ள 'மரியா'வும் அவற்றை உருவாக்கிய மான்டி விடேனியஸின் மகள்களின் பெயர்கள் என்பதை அறிந்தபோது, எங்கள் கரைப் படகுகள் நினைவுக்கு வந்து மனம் இந்தப் பக்கமே சாய்ந்தது. தமிழில் தனிப்பெயர் வைப்பவருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: கட்டளை வரியில் அதை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்தாக வேண்டும். 'நங்கூரம்' என்று வைக்க ஆசைப்பட்டோம். ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் தம்பியிடம் எழுதித் தரச் சொன்னபோது அவர் இரட்டை ஓ போட்டார். எங்களில் ஒருவர் யு போட்டார். மற்றவர் ஜிக்குப் பதிலாகக் கே போட்டார். ஒரே சொல்லுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால், எழுத்துப் பிழையை எதிர்பார்த்துப் போலித் தொகுப்பை ஏற்றிவைக்கும் தீயவர்களுக்கு நாமே மூன்று கதவுகளைத் திறந்துவிட்டதாகும். சிறு படகைக் குறிக்கும் 'வத்தை'யும் இதே காரணத்தால் விழுந்தது. 'வள்ளம்' என்பதை மூவரும் ஒரே மாதிரி எழுதினோம்.

வள்ளம் என்று மட்டும் வைத்தால் அது என்ன செய்கிறது என்பது தெரியாது. ஆகவே பின்னால் 'பிஜி' சேர்த்தோம். இடையில் இணைப்புக்கோடு போடலாமா என்பது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் அற்பமில்லை. பைத்தானில் நிறுவும் பெயரில் இணைப்புக்கோடு வரலாம். நிரலுக்குள் கொண்டுவர (import) எழுதும் பெயரில், அதாவது இறக்கும் பெயரில், வரக்கூடாது. கோடு போட்ட கணமே பெயர் இரண்டாகிவிடுகிறது. ஆகவே நிறுவுவதற்கும் இறக்குவதற்கும் 'வள்ளம்பிஜி' என்ற ஒரே சொல்.

இரண்டும் வேறாக இருப்பது எப்போதும் தவறு என்று சொல்லமாட்டேன். பைத்தான் 3க்கு மாறாமல் நின்றுபோன மைஎஸ்கியூஎல் டிரைவர் ஒன்றிலிருந்து கிளைத்த 'மைஎஸ்கியூஎல்கிளையன்ட்', நிறுவும் பெயரை மட்டும் புதிதாக வைத்துக்கொண்டு, இறக்கும் பெயரைப் பழைய 'மைஎஸ்கியூஎல்டிபி' என்றே விட்டுவைத்தது. அதனால் ஏற்கனவே எழுதப்பட்ட நிரல்கள் ஒரு வரியும் மாறாமல் ஓடின. வாரிசுக்கு அது சரி. புதிதாகப் பிறப்பவருக்கு அந்தத் தேவை இல்லை.

மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு: இணைப்பு முகவரியின் தொடக்கச் சொல். மரியாடிபியின் ஜாவா டிரைவர் நீண்ட காலம் மைஎஸ்கியூஎல் என்று தொடங்கும் முகவரியையும் தனதென்று ஏற்றுக்கொண்டது. இரு டிரைவர்களும் ஒரே பயன்பாட்டில் இருந்தால் எது பேசுகிறது என்பது தெளிவில்லாமல் போகும். 3.0 பதிப்பில் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு, வேண்டுபவர் வெளிப்படையாகக் கேட்டால் மட்டும் அனுமதிப்பதென்று மாற்றினார்கள். கோ மொழி இன்னும் கடுமையானது: ஒரே பெயரில் இரண்டு டிரைவர்கள் பதிவுசெய்ய முயன்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும். கடுமையாக இருந்தாலும் இது நல்ல வழி என்பேன்; மௌனமாகத் தவறான டிரைவர் பேசுவதைவிட, தொடக்கத்திலேயே நிரல் நின்றுபோவது மேல்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, பழையதோடு ஒத்துப்போகாத அடுத்த தலைமுறைக்குப் பெயர் மாற வேண்டுமா என்பது. சைகோபிஜி இதில் படிப்பினை தருகிறது. 'சைகோபிஜி2' என்று எண்ணைப் பெயரிலேயே சுமந்த டிரைவர் பைத்தான் உலகெங்கும் பரவிய பின், அடிப்படையிலிருந்து மாற்றி எழுதிய மூன்றாம் தலைமுறை 2021 அக்டோபரில் எண்ணை விட்டுவிட்டு வெறும் 'சைகோபிஜி' என்ற பெயரில் வந்தது. பெயர்கள் வேறானதால் இரண்டையும் ஒரே சூழலில் வைத்துக்கொண்டு கோப்பு கோப்பாக மாறிச் செல்ல முடிகிறது. இது பயனரை மதிக்கும் வழி. ஆயினும் புதிதாக வருபவர் இரண்டையும் பார்த்து, எண் உள்ளதுதான் புதியது என்று எண்ணிவிடக்கூடும்.

நோட் உலகின் 'மைஎஸ்கியூஎல்2' இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அது 'மைஎஸ்கியூஎல்' தொகுப்பின் இரண்டாம் பதிப்பு அன்று. பெரும்பாலும் அதே அழைப்புகளை ஏற்கும் வேறொரு திட்டம். அதன் சொந்தப் பதிப்பெண்ணோ இப்போது 3 என்று தொடங்குகிறது. பெயரில் ஓர் எண், பதிப்பில் வேறோர் எண். தொலைபேசியில் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள், குழப்பம் புரியும்.

கோ மொழி இந்தச் சண்டையை விதியாலேயே தீர்க்கிறது: இரண்டாம் பெரும் பதிப்பிலிருந்து இறக்கும் பாதையின் இறுதியில் பதிப்பெண் வந்தாக வேண்டும். அதனால் பிஜிஎக்ஸ் டிரைவரின் 4ஆம் 5ஆம் பதிப்புகள் ஒரே நிரலில் சேர்ந்து வாழ முடிகிறது. முன்பே மற்றொரு பதிப்பு 'பிஜிஎக்ஸ்' என்று பதிவாகியிருந்தால், 5ஆம் பதிப்பு அந்தப் பெயரைத் தொடாமல் எண் சேர்த்த தன் பெயரை மட்டும் பதிவுசெய்துகொள்கிறது. பெயர் மாறாது, எண் கண்முன் நிற்கும். இந்த மூன்று வழிகளிலும் இதுவே நேர்மையானது என்பது என் கருத்து. பைத்தானில் இந்த விதி இல்லாததால், நாங்கள் சைகோபிஜியின் வழியைச் சற்றுத் திருத்தி எடுத்துக்கொள்கிறோம்: இரண்டும் சேர்ந்து வாழ வேண்டிய தேவை வந்தால் மட்டும் எண் சேர்த்த புதுப்பெயர், இல்லையெனில் அதே பெயரில் பெரும் எண் மட்டும் ஏறும்.

மைஎஸ்கியூஎல்லின் ஜாவா டிரைவர், உள்ளிருக்கும் வகுப்பின் பெயரை மாற்றியபோது பழைய பெயரையும் விட்டுவைத்து, அதை அழைப்பவருக்கு எச்சரிக்கை வரி ஒன்றை அச்சிட்டது. வள்ளம்பிஜிக்கு முன் எங்கள் டிரைவருக்கு இருந்த பழைய பெயருக்கு நாங்கள் செய்வதும் அதுதான், கடைசியில் சொல்கிறேன்.

எண்ணுக்கு வருவோம். தரவுத்தள சர்வரின் எண்ணையே டிரைவரும் அணிந்தால் பொருத்தம் பார்க்க எளிது என்பது ஒரு பக்கம். போஸ்ட்கிரெஸின் ஜாவா டிரைவர் 9.4.1212 என்பது வரை அப்படித்தான் இருந்தது. விளைவு, 9.6 சர்வர் வைத்திருப்பவர் 9.4 என்ற டிரைவரைப் பார்த்து இது தமக்கல்ல என்று நினைத்தார்; உண்மையில் அந்த டிரைவர் பல சர்வர் பதிப்புகளோடும் பேசக்கூடியது. 2017 பிப்ரவரியில் அவர்கள் ஒரே தாவலாக 42.0.0க்குப் போனார்கள், சர்வர் எண்ணோடு இனி எவரும் குழப்பிக்கொள்ளாதபடி. மைஎஸ்கியூஎல் தரப்பு எதிர்த்திசையில் 5.1லிருந்து 8.0க்குத் தாவி சர்வரோடு எண்ணைச் சேர்த்துக்கொண்டது. சர்வரையும் டிரைவரையும் ஒரே நிறுவனம் வெளியிடும்போது அது தாங்கும். வெளியிலிருந்து எழுதும் எங்களைப் போன்றவர்களுக்குத் தாங்காது. எங்கள் எண் எங்கள் மாற்றங்களை மட்டும் சொல்லும். எந்தெந்தச் சர்வரில் சோதித்தோம் என்பது ஆவணத்தில் இருக்கும்.

பூச்சியத்தில் தொடங்கும் எண்ணைப் பற்றி எனக்கு வருத்தமான அனுபவம் உண்டு. பதிப்பெண் மரபுப்படி 0 என்று தொடங்கும் வரை எதுவும் எப்போதும் மாறலாம். அந்த நம்பிக்கையில் 0.5.0 பதிப்பில், தசம எண்களை மிதவைப் புள்ளியாகத் தராமல் பைத்தானின் டெசிமல் வகையாகத் தருமாறு மாற்றினோம். பணக்கணக்குக்கு அதுவே சரி. வெளியிட்ட நாள் ஜூன் 14, மீன்பிடித் தடைக்காலத்தின் இறுதி நாள். அன்றிரவு, இந்தப் பதிப்பு மட்டும் போதும் என்று கட்டிவைக்காத ஏலக்கூடக் கணினி ஒன்று புதியதை இழுத்துக்கொண்டது. தரவை ஜேசன் வடிவில் எழுதித் தரும் பைத்தானின் பகுதி டெசிமலை ஏற்காது. 61 நாள் கழித்து வந்த முதல் இறால் எடையேறி நிற்க, கிலோ விலை எழுத வேண்டிய இடத்தில் பிழைச் செய்தி வந்தது; கணக்கர் பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதினார். விதிப்படி எங்கள் மேல் குற்றமில்லை. எழுதிய கைக்கு அந்த விதி தெரியாது.

அந்த வெளியீட்டை என்ன செய்வது என்பதிலும் இரு வழிகள் இருந்தன. அழித்துவிடலாம், ஆனால் 2016இல் லெஃப்ட்-பேட் என்ற சிறு தொகுப்பை நீக்கியபோது அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் ஒரே நாளில் முறிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். பைத்தான் தொகுப்புகள் வெளியாகும் பைபிஐ தளத்தில் அழித்த கோப்பின் பெயரை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. மற்றது, 'பின்வாங்கியது' என்று குறிப்பது: எண்ணைத் துல்லியமாகக் கேட்டவருக்குக் கிடைக்கும், மற்றவருக்கு நிறுவி அதைத் தவிர்த்துவிடும். நாங்கள் பின்வாங்கி, 0.5.1இல் பழைய நடத்தையை மீட்டோம்.

நாட்காட்டிப்படி வெளியிடுவதா, ஆனபோது வெளியிடுவதா என்ற விவாதமும் அன்றோடு முடிந்தது. போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கொரு பெரும் பதிப்பும், காலாண்டுக்கொரு திருத்தப் பதிப்பும் நாள் சொல்லி வெளியிடுகிறது; அதனால் மேம்படுத்துபவர் திட்டமிட முடிகிறது. எங்களுக்கும் நாட்காட்டி தேவை, ஆனால் எங்கள் நாட்காட்டி வேறு. பழைய நடத்தையை முறிக்கும் மாற்றம் எதுவும் இனி ஏப்ரல் 15இல் படகுகள் கட்டப்பட்ட பிறகுதான் வரும், மே மாத இறுதிக்குள் வந்தாக வேண்டும். ஜூன் முதல் இரு வாரங்கள் சோதனைக்கு. பிழைத் திருத்தங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வேறு ஊர்ப் பயனருக்குத் தடைக்காலம் பொருட்டில்லை என்றாலும், ஆண்டில் ஏறத்தாழ எந்த ஏழு வாரங்களில் மட்டும் முறிவு வரும் என்று தெரிந்திருப்பது அவருக்கும் நன்மைதான்.

அடுத்த தடைக்காலத்தில் 'வள்ளம்பிஜி' 1.0.0 என்ற எண்ணோடு வெளிவருகிறது, டெசிமல் மாற்றத்தையும் சேர்த்துக்கொண்டு. இதுவரை வைத்திருந்த பழைய பெயரில் கடைசியாக ஒரு வெளியீடு வரும்: உள்ளே சொந்த நிரல் எதுவும் இருக்காது, 0.5.1இன் நடத்தையைக் காக்கும் அமைப்போடு புதிய தொகுப்பை அழைத்துக்கொண்டு, தொடங்கும்போது புதுப் பெயரைச் சொல்லும் ஒரு வரியை மட்டும் பதிவேட்டில் எழுதும். அந்தப் பழைய பெயரை நாங்கள் நீக்கப்போவதில்லை.