எம்ஜிஎம்டி சோதனை: ஜெல்லா, பைரோவா, சில்லா?

க்ளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான மூளைக் கட்டிக்குச் சிங்கப்பூரின் நொவீனாவில் அறுவைச் சிகிச்சை முடிந்து, ஊட்ரமில் இரண்டாவது கருத்து கேட்கப் போகும் குடும்பங்கள் அறிக்கையில் முதலில் தேடும் வரி எம்ஜிஎம்டி என்ற மரபணு பற்றியது. அது "மெத்திலேற்றம் உண்டு" என்கிறதா, "இல்லை" என்கிறதா என்பதோடு, எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

டெமோசொலோமைட் என்ற புற்றுநோய் மாத்திரை கட்டியின் டிஎன்ஏவில் உண்டாக்கும் சேதத்தை எம்ஜிஎம்டி புரதம் சரிசெய்துவிடும். மரபணுவின் முகப்பில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஏறினால் (இதுவே மெத்திலேற்றம்) அந்தப் புரதம் உருவாவது அடங்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும். 2005இல் வந்த ஆய்வில், மெத்திலேற்றம் உள்ளவர்களில் கதிர்வீச்சோடு மாத்திரையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் என்றால் 15.3. மெத்திலேற்றம் இல்லாதவர்களில் அது முறையே 12.7, 11.8. இவை கெடு அல்ல. பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள்.

டிஎன்ஏவைப் பெருக்கி ஜெல்லில் பட்டையாகப் பார்க்கும் ஜெல் பிசிஆர் மலிவு, பழையது. பட்டை தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. மங்கலான பட்டையை இருவர் இருவிதமாகப் படிப்பார்கள். புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பதை இதற்கு நம்ப வேண்டாம்: ரத்தக்குழாய்ச் செல்களும் சாயம் ஏற்கும்.

பைரோசீக்வென்சிங்தான் எங்கள் தேர்வு. சில மெத்தில் இடங்களைத் தனித்தனியே விழுக்காட்டில் அளந்து சராசரி தருகிறது. பல ஆய்வுக்கூடங்கள் 8 முதல் 10% வரை எல்லை வைக்கின்றன. 9% என்று வந்தால் அது சாம்பல் பகுதி, ஒற்றைச் சொல்லில் முடிக்கக் கூடாது. இரண்டு இடங்களில் தவறும். மெத்தில் இல்லாத இடங்களை மட்டும் மாற்றி வேறுபடுத்தும் பைசல்ஃபைட் வேதிமாற்றம் முழுமையாகாவிட்டால் மெத்தில் இல்லாத இடமும் இருப்பதுபோல் தெரியும். படிக்கும் டிஎன்ஏ வரிசைக்குள் வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளி இதைக் காட்டிக்கொடுக்கும். மற்றது, மாதிரியில் கட்டிச் செல் குறைவது. மூன்றில் ஒரு பங்கே கட்டியென்றால் உண்மையான 24%, 8% ஆகிவிடும். செத்த திசுவைத் தவிர்த்து, நோய்க்கூற்று மருத்துவர் குறித்த பகுதியைச் சுரண்டி எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

மெத்திலேற்றச் சில்லு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் படிக்கும், சுமார் 250 நானோகிராம் டிஎன்ஏ கேட்கும். ஆனால் எம்ஜிஎம்டிக்கான கணிப்புமுறை அதில் 2 இடங்களையே நம்பியிருக்கிறது; இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சில்லு வாங்குவது வீண். அதன் பலம் வேறு. 2018இல் வெளியான வகைப்படுத்தி 82 மூளைக் கட்டி வகைகளைப் பிரித்தது, 12% பேரின் நோயறிதலையே மாற்றியது. நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரியும், ஐடிஎச் என்ற மரபணுவில் மாற்றம் இல்லாத கட்டியில் 7ஆம் நிறப்புரி (குரோமோசோம்) கூடி 10ஆம் நிறப்புரி இழந்திருப்பதையும் சில்லு காட்டும். 2021 உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி அது க்ளியோபிளாஸ்டோமா. வாழ்நாள் கணிப்பை இது எம்ஜிஎம்டியைவிட அதிகமாகப் புரட்டிப்போடும். நோயறிதலில் ஐயம் இருந்தால் சில்லு. இல்லையென்றால் பைரோ போதும்.

முடிவு தவறினால் மிகவும் பாதிக்கப்படுவோர் 70 வயதைத் தாண்டி உடல் தளர்ந்தவர்கள். மெத்திலேற்றம் இருந்தால் அவர்களுக்கு மாத்திரை மட்டும் போதுமென முடிவெடுக்கலாம். இல்லையென்றால் குறுகிய கதிர்வீச்சு, 15 தவணையில் 40 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு). எனவே விழுக்காட்டையும் கட்டிச் செல் அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள். மறுசோதனைக்குப் பெரும்பாலும் மீண்டும் அறுவை தேவைப்படாது: போதிய திசு மிஞ்சியிருந்தால், திசு பதித்த பாரஃபின் மெழுகுத் துண்டையோ சாயமேற்றாத கண்ணாடித் தகடுகளையோ கேட்டு அனுப்பலாம்.