சவுண்ட் யூஃபோனியம் சீரிஸா, லிஸ் படமா?

ரெண்டுமே ஜப்பான் ஸ்டூடியோ கியோட்டோ அனிமேஷன் எடுத்த அனிமே, ரெண்டுலயும் அதே கிடாஉஜி ஸ்கூல் பேண்ட்தான், ஆனா பாத்து முடிச்சா வேற வேற ஊர்ல இருந்து வந்த மாதிரி இருக்கும்.

2015ல வந்த சீரிஸ் முழு பேண்டையும் காட்டும். உஜி ஊரு, ஆத்தங்கரை பெஞ்ச், யூஃபோனியம்ங்கிற பெரிய பித்தளை ஊதுகருவி வாசிக்கிற குமிகோ, டிரம்பெட் ரெய்னா, சிரிச்சிட்டே குத்திக் காட்டுற பேண்ட் வாத்தியார் டாக்கி சார். சீனியருக்கு சோலோ குடுக்கணுமா, நல்லா வாசிக்கிறவங்களுக்கு குடுக்கணுமான்னு ஒரு ஆடிஷன் சண்டை வரும் பாருங்க, அதுல யார் பக்கம் நிக்கிறதுன்னே எனக்கு தெரியல, சீனியர் கவோரியும் பாவம் ரெய்னாவும் பாவம்னு தூக்கமே போச்சு.

2018ல நவோகோ யமடா எடுத்த லிஸ் அண்ட் தி ப்ளூ பேர்ட்ல பேண்ட் போட்டி எல்லாம் ஓரமாதான். அதே பேண்ட்ல இருக்கிற ரெண்டு தோழிங்க, மிசோரேவோட ஓபோ (நாதஸ்வரம் மாதிரி ஒரு ஊதுகருவி), நோசோமியோட ஃப்ளூட், அவ்ளோதான். ஆரம்பத்துல ரெண்டு பேரும் ஸ்கூலுக்குள்ள நடந்து போற காலடி சத்தத்தையே மியூசிக்கா வச்சிருக்காங்க. கடைசி பக்கம் மிசோரே முழு பலத்தோட வாசிக்கும்போது நோசோமியால ஃப்ளூட்ட வாய்ல வைக்கவே முடியாது. திறமைல பின்னாடி நிக்கிற வலிய சீரிஸ் வாயால பேசும், படம் வாசிச்சே காட்டிடும்.

எனக்கு படம்தான் ஒரு படி மேல. ஆனா நேரா அதுக்கு போயிடாதீங்க, சீரிஸோட ரெண்டாவது சீசன் பாத்தா தான் மிசோரே ஏன் நோசோமிகிட்ட இப்டி ஒட்டிக்கிட்டே இருக்கான்னு புரியும்.