'ஏசி தண்ணிதான் மேடம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிய டீலர்

இந்த டீலரிடம் சன்ரூஃப் (கூரையில் திறக்கும் கண்ணாடி) உள்ள பழைய கார் வாங்கி 12ஆம் நாள் நல்ல மழை. மறுநாள் காலை கதவைத் திறந்தால் கண்ணாடி எல்லாம் உள்பக்கம் ஆவி படிந்து கிடக்கிறது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியவர், "கால் நனையுதேம்மா" என்றார். காலடியில் போட்டிருந்த மேட்டை எடுத்துவிட்டு அடியில் இருந்த கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்தேன். மேலாகத் தடவினால் லேசான ஈரம்தான். கட்டைவிரலால் அழுத்தினேன், விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது.

ஏழு வருஷம் ஓடிய வண்டி எங்காவது ஒழுகத்தான் செய்யும். அதற்காக நான் ஸ்டார் குறைக்கவில்லை. ஒழுகுகிறது என்று போய்ச் சொன்ன பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்குத்தான் குறைக்கிறேன்.

விற்கும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்க்கக் கேட்ட நேரம் கொடுத்தார்கள், பெயர் மாற்றும் வேலை சொன்ன தேதியில் முடிந்தது. எஞ்சின், பிரேக் எதிலும் இன்றுவரை தொந்தரவு இல்லை.

முதல் முறை கொண்டுபோனபோது சர்வீஸ் பொறுப்பாளர் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அது ஏசி தண்ணிதான் மேடம், எல்லா வண்டியிலயும் வரும்" என்றார். ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்தால் அந்த இடத்தில் ஈரம் வரும், உண்மைதான். ஆனால் ஏசி ஓடினால்தானே அந்தத் தண்ணீர்? மழைக்கு முந்தைய 3 நாளும் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டாக இருந்தால் பிசுபிசுக்கும், இனிப்பான வாசனை வரும். இதில் இரண்டும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஏசி குழாயை ஊதிவிட்டு, வாசனை ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த மழையில் மறுபடி அதே ஈரம், இந்த முறை பூஞ்சை நாற்றமும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது முறை 5 நாள் வைத்திருந்தார்கள். சன்ரூஃப் ரப்பரைச் சுற்றி சிலிக்கான் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான். செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டில் 'வாட்டர் லீக் செக் செய்யப்பட்டது, ஓகே' என்று ஒரு வரி. தண்ணீர் எங்கிருந்து வந்தது, என்ன சரி செய்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "அப்படி எழுதுற வழக்கம் இல்லை" என்றார் பொறுப்பாளர். வண்டி வாங்கும்போது கொடுத்த சோதனைப் பட்டியலில் மட்டும் 'நீர்க்கசிவு இல்லை' என்ற இடத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போடத் தெரிந்திருக்கிறதே என்று கேட்டேன், பதில் இல்லை.

மூன்றாவது முறை, "வாட்டர் வாஷ் பண்றப்போ கண்ணாடியை இறக்கி வெச்சிருப்பீங்க" என்றார்கள். எனக்குப் பொறுக்கவே இல்லை. வாரண்டி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தானாம். வெளியே வரும்போது அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து, "அக்கா, இது மேலேர்ந்து வருது. சன்ரூஃப் டிரெயினைப் பார்க்கச் சொல்லுங்க" என்றான். அந்த இடத்தில் எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அந்தத் தம்பிதான்.

வெளியே ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. சன்ரூஃபைத் திறந்து, சட்டத்தைச் சுற்றி ஓடும் சின்ன வாய்க்காலில் மூலைக்கு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார். ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யுமாம். அது அந்த வாய்க்காலில் விழுந்து, மூலையில் இருக்கும் மெல்லிய குழாய் வழியாகக் கூரையைத் தாங்கும் தூணுக்குள் இறங்கி, வண்டிக்கு வெளியே போய்விட வேண்டும். மூன்று மூலையில் போட்ட தண்ணீர் உடனே கீழே சொட்டியது. அப்பா உட்காரும் பக்கத்து முன் மூலையில் மட்டும் அப்படியே தேங்கி நின்றது. நைலான் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு ஆட்டினார். காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிடலாம் என்பதால் ஊதவில்லை. கதவுக் கீல் பக்கத்தில் முதலில் கறுப்பாக ஒரு துளி, பிறகு மக்கிய இலையும் மண்ணும் கலந்த சேறு, அதன் பின்னால் தண்ணீர் மடமடவென்று கொட்டியது.

கார்ப்பெட்டைத் தூக்கியபோதுதான் வயிறு கலங்கியது. அடியில் இருக்கும் ஃபோம் இரண்டு விரல் தடிமனுக்கு ஊறிப்போயிருந்தது. வெயிலில் 4 நாள் போட்டும் நடுப்பகுதி முழுக்கக் காயவில்லை. அதன் கீழே தரையோடு போகும் வயரிங்கில் வயர்களை இணைக்கும் ஒரு கனெக்டரைக் கழற்றிக் காட்டினார், பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. முதல் முறையே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் அந்த கனெக்டர் தப்பித்திருக்கலாம். என் கோபமெல்லாம் அங்கேதான்.

சன்ரூஃப் உள்ள பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். மூலைகளில் கொஞ்சம் ஊற்றிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். மேட்டை எடுத்துவிட்டு உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள், மேலே தடவினால் தெரியாது. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உள்ளே வாசனை ஸ்ப்ரே தூக்கலாக இருந்தால் எல்லா கண்ணாடியையும் ஏற்றி 10 நிமிஷம் உள்ளே உட்காருங்கள், அடியில் இருக்கும் நாற்றம் தெரிந்துவிடும்.

மெக்கானிக் வேலை செய்ததை முழுக்க வீடியோ எடுத்து டீலரின் முதலாளிக்கு அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். குழாய் சுத்தம் செய்த கூலியையும் கார்ப்பெட் கழற்றி மாட்டிய கூலியையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டார். அதற்காகத்தான் 5க்கு 2 ஸ்டார், இல்லையென்றால் ஒன்றுதான். கனெக்டர் பில்லை மட்டும் 'வயரிங் வாரண்டியில் சேராது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். ஜாப் கார்டுகள் மூன்றையும் வைத்து எழுத்துமூலமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் வந்தால் இந்த ஸ்டாரை மாற்றுகிறேன்.