பெட்ரோல் கேனை இறக்கி வைத்து மூன்று வருடம்

கோயம்புத்தூரில் தோட்டப் பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஒன்பது ஆட்கள், ஒரு டாடா ஏஸ், இரண்டு அபார்ட்மெண்ட், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு காலேஜ் ஹாஸ்டல், அப்புறம் சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் அவ்வப்போது காலி மனை சுத்தம் பண்ணும் வேலை. 2022 ஜூனில் புல், செடி வெட்டும் மெஷின்களில் பாதியை பெட்ரோலிலிருந்து பேட்டரிக்கு மாற்றினேன். போன வாரம்கூட இரண்டு பேர் "வாங்கலாமாண்ணா?" என்று கேட்டார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, மொத்தமாக எழுதியே விடுகிறேன். பிராண்ட் பெயர் சொல்லவில்லை, நான் ஓட்டியது ஒன்றே ஒன்றுதான்.

சுற்றுச்சூழல் அக்கறையால் மாறினேன் என்று சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். ஒரு அபார்ட்மெண்ட் செயலாளர் கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். அங்கே 2021லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்களாம், 2024 முதல் தயாராகும் புல்வெட்டி, சருகை ஊதித் தள்ளும் புளோயர் எதற்கும் பெட்ரோல் இன்ஜின் கூடாதாம், "நீங்க மட்டும் ஏனுங்க காலையில ஊரையே எழுப்பறீங்க?" என்றார். கைவசம் இருக்கும் பழைய மெஷினை அங்கேயும் ஓட்டலாம், தடை புதிதாக விற்பதற்குத்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சின்ன காண்ட்ராக்டர்களுக்கு உதவ அந்த மாநிலம் 3 கோடி டாலர் ஒதுக்கியதும் தெரிந்தது. எனக்கு மானியம் கொடுத்தது நகைக்கடன்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டர் இரண்டு 52,000, வேலிச்செடியை மட்டமாக வெட்டும் ஹெட்ஜ் டிரிம்மர் இரண்டு 40,000, ஒரு புளோயர் 18,000. ஆக மெஷின் மட்டும் 1,10,000. இதே ஐந்து சாமானும் பெட்ரோலில் 1,20,000 ஆகியிருக்கும், அதனால் கடையில் நிற்கும்போது லாபம் என்றே தோன்றியது. அப்புறம் எட்டு பேட்டரி, ஒன்று 19,000 வீதம் 1,52,000, இரண்டு சார்ஜர் 28,000. பில் 2,90,000க்கு வந்து நின்றது. மெஷினைவிட அதற்குத் தீனி போடுகிற சாமானுக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து பில்லைப் பிரித்துப் படிக்கும்போதுதான் அது உறைத்தது.

விற்கிறவர் சொல்லும் கணக்கு எப்போதும் இதுதான்: என் பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒரு மணி நேரத்துக்கு 700 மில்லி குடிக்கும், லிட்டர் 101 ரூபாய் என்றால் 71 ரூபாய். பேட்டரியில் அதே ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை பேட்டரி தீரும், சார்ஜ் ஏற்றுவதில் வீணாவதையும் சேர்த்து அரை யூனிட்டுக்கும் கீழே, வணிக இணைப்பில் யூனிட் 10 ரூபாய் போட்டாலும் 4 ரூபாய் சொச்சம். 71 எங்கே, 4 எங்கே! நானும் முதல் வருடம் முழுக்க இதையேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது வருடக் கடைசியில் மூன்று பேட்டரிகள் சோர ஆரம்பித்தன. புதிதில் 40 நிமிடம் வெட்டியது 25 நிமிடத்தில் படுத்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு பேட்டரி சராசரியாக ஒரு தடவை சார்ஜ் ஏறும் என்று வைத்தால், 600 தடவையில் கதை முடிகிறது. 19,000ஐ 600ஆல் வகுத்தால் சார்ஜுக்கு 32 ரூபாய், மணிக்கு ஒன்றரை பேட்டரி என்றால் 48. கரண்ட்டையும் சேர்த்தால் 52. ஆக 71க்கும் 52க்கும் நடுவில் இருக்கும் 19 ரூபாய்தான் எனக்கு மிச்சம், 67 இல்லை. பேட்டரியை மெஷின் கணக்கில் எழுதி வைத்தது என் முட்டாள்தனம். அது இரண்டு வருடத்துக்கு முன்பணம் கொடுத்து வாங்கி வைத்த பெட்ரோல். இப்போதெல்லாம் ரேட் சொல்லும்போது எரிபொருள் என்ற இடத்தில்தான் அதை எழுதுகிறேன், மாதாமாதம் தனியாக எடுத்தும் வைக்கிறேன்.

மிச்சம் வேறு இடங்களிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு, பத்து நாள் சும்மா கிடந்த மெஷின் ஸ்டார்ட் ஆகவே ஆகாது, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ ஒரு மணி நேரம், மெக்கானிக்குக்கு 300 ரூபாய், அதுவரை இரண்டு ஆள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், கூலி ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரிக்கு மாறிய மெஷின்களில் அந்தத் தொல்லை அடியோடு போயிற்று. கேனில் ஊற்றிய பெட்ரோலுக்கும் வெட்டிய புல்லுக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் இருந்ததும் நின்றுவிட்டது, அது யார் வண்டிக்குப் போனது என்று நான் கேட்டதில்லை, இப்போது கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஹெட்ஜ் டிரிம்மர்தான் இதில் தங்கம். ஒரு பேட்டரி போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். எங்களிடம் களை எடுக்க வரும் ஒரு அக்கா, ஆள் வராத ஒரு நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுல கயிறு இழுக்க வேண்டாங்களா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம், இந்தப் பட்டனை அமுக்குங்க என்றேன். அன்று மாலைக்குள் முப்பது மீட்டர் வேலியை ஒரே மட்டமாக வெட்டி முடித்திருந்தார், வேலை தெரிந்த ஆண்களே அவ்வளவு நேராக வெட்ட மாட்டார்கள். 450 ரூபாய் கூலியை 650 ஆக்கினேன், மெஷின் ஓட்டும் ஆளுக்கு 850 கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். முதலாளி புத்தி தெரிகிறது இல்லையா? இந்த வருடம் அந்த வித்தியாசத்தையும் சரிசெய்துவிட்டேன்.

புளோயர் தண்டம். முழு வேகத்தில் 15 நிமிடம், அவ்வளவுதான். வேப்பம் சருகு கொட்டும் மாசத்தில் அதை நம்பினால் எட்டு பேட்டரியும் பத்து மணிக்குள் காலி. சீமாறுக்கே திரும்பிவிட்டோம்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத செலவு, சார்ஜ் போடும் இடம். மாற்றச் சொன்ன அதே அபார்ட்மெண்ட்டில், கிளப் ஹவுஸ் பிளக்கில் சார்ஜர் மாட்டியதற்குப் பொருளாளர் என்னை நிற்க வைத்து விசாரித்தார். ஒரு நாளைக்கு 12 ரூபாய்க்கு மேல் வராது சார் என்று மீட்டர் வைத்தே காட்டினேன். "12 ரூபாயோ 1,200 ரூபாயோ, பொதுப்பணம்" என்றார். செக்யூரிட்டி ஒரு நாள் பிளக்கையே பிடுங்கிவிட்டார், மதியம் போய்ப் பார்த்தால் ஆறு பேட்டரியும் சிவப்பு விளக்கு. இப்போது காண்ட்ராக்டிலேயே ஒரு பிளக் பாயிண்ட் என்று எழுதி, மாதம் 300 ரூபாயை என் பில்லில் நானே கழித்துவிடுகிறேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை முதல் நாள் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் எந்த இடத்துக்குப் போவது என்று முடிவு செய்வதும் பழகிவிட்டது.

வெயிலையும் சொல்லணும். ஏப்ரல், மே மாதம் வெட்டி முடித்த பேட்டரியைத் தொட்டால் கை சுடும், அப்படியே சார்ஜரில் செருகினால் ஏறாது, ஆறும்வரை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஈரக் கோணிச்சாக்கில் சுற்றி வைக்கலாம் என்று எங்கள் பையன் ஒருத்தன் ஐடியா கொடுத்தான், முனையில் தண்ணீர் இறங்கிப் பச்சைப் பூத்து ஒன்று செத்தது. வாரண்டியில் கேட்டால் தண்ணீர் பட்டது என்று சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் பிரஷ் கட்டரில் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனபோது 11 நாள் காக்க வைத்து 9,400 வாங்கியதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம்ம மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் திறந்து பார்த்துவிட்டு, "இதுல நான் தட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்கிறார்.

வரவு என்று பார்த்தால் ஆஸ்பத்திரிதான். பெட்ரோல் மெஷின் சத்தத்துக்கு அங்கே ஒன்பதரை மணிக்கு மேல்தான் அனுமதி, அதற்குள் வெயில் ஏறிவிடும். இப்போது ஆறரைக்கே ஆரம்பித்து எட்டரைக்கு முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த மிச்ச நேரத்தில்தான் ஹாஸ்டல் வேலையை எடுத்தேன், மாதம் 14,000. மூன்று வருடத்தில் நான் போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்தது இதுதான், அந்த 19 ரூபாய் இல்லை. சத்தம் இல்லாததற்குக் காசு தருகிற வாடிக்கையாளர் உங்களிடம் இல்லை என்றால், ஹெட்ஜ் டிரிம்மரை மட்டும் வாங்கிப் பாருங்கள்.

காலி மனைக்கு இன்னும் பெட்ரோல்தான். இடுப்பு உயரப் பார்த்தீனியமும் சீமைக்கருவேலங்கன்றும் நிற்கிற இடத்தில் பிளேடு போட்டு மூன்று மணி நேரம் விடாமல் அடிக்க வேண்டும், பிளக் பாயிண்ட்டும் கிடையாது. பழைய மெஷின் மூன்றை வைத்திருக்கிறேன், விற்கவில்லை. அடுத்த மாதம் அந்தச் சோர்ந்த மூன்று பேட்டரியையும் மாற்றணும், விலை 21,000 ஆகியிருக்கிறது, எடுத்து வைத்ததில் 58,000 இருக்கிறது. மீதி 5,000க்குச் செயலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றால் அவர் மறுபடி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.