என் வெந்நீர்த் தொட்டியின் சுவிட்ச் மின் நிறுவனத்தின் கையில்: மூன்று வருட அனுபவம்

டிமாண்ட் ரெஸ்பான்ஸ் திட்டத்தில் சேர்ந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. வாட்டர் ஹீட்டரும் ஏசியும் எப்போது ஓட வேண்டும் என்பதை மின் நிறுவனமும் பாதி முடிவு செய்யும். அதற்குப் பதிலாகக் கட்டணத்தில் கொஞ்சம் கழிவு கிடைக்கும். சேரும்போது அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "குளிக்கிறதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா?"

காரணம் எளிது. நாம் கூப்பிட்டால் வெயிலும் காற்றும் வராது. மதியம் சோலார் மின்சாரம் கொட்டிக் கிடக்கும். சூரியன் இறங்குகிற அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, அடுப்பு, ஏசி எல்லாம் ஏறும். சோலார், காற்றாலை போக மற்ற நிலையங்கள் தர வேண்டிய மின்சாரத்தை வரைந்து பார்த்தால் மதியம் வயிறு தொங்கும், மாலையில் கழுத்து செங்குத்தாக நிற்கும். கலிபோர்னியாவில் 2013-இல் வெளியான அந்தப் படத்துக்கு 'வாத்து வளைவு' என்றே பெயர் விழுந்துவிட்டது. கழுத்தை எட்டிப் பிடிக்கப் புது மின்நிலையம் கட்டலாம், பேட்டரி வைக்கலாம். இல்லையென்றால் நாம் கொஞ்சம் நகர்ந்து கொள்ளலாம்.

முதல் ஆறு மாதம் குறுஞ்செய்தி முறை. "மாலை 6 முதல் 9 வரை பயன்பாட்டைக் குறைக்கவும்." முதல் நான்கைந்து தடவை ஓடி ஓடி அணைத்தேன். அப்புறம் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டேன். உண்மையான நெருக்கடிக்கு இந்த முறை வேலை செய்யும்; 2022 செப்டம்பர் 6 அன்று கலிபோர்னியாவில் பல மாவட்டங்களில் இருந்தவர்களின் போனுக்கு அவசர எச்சரிக்கை போனபோது, அரை மணி நேரத்துக்குள் 2,000 மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கியது. ஆனால் தினமும் மணி அடித்தால் யார் எழுந்து போவார்கள்?

பிறகு தானியங்கி முறைக்கு மாறினேன். இதில் அசத்தியது வாட்டர் ஹீட்டர்தான். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 3.5 யூனிட் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டர் மதியம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடினால் வேலை முடிந்தது. தொட்டியின் காப்புறை நன்றாக இருந்தால் ராத்திரிக் குளியலுக்கும் சூடு தாங்கும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பேட்டரி இருந்திருக்கிறது, அதைத் தண்ணீர்த் தொட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

ஒரு சின்ன விஷயம் பிடித்திருந்தது. தடை 9 மணிக்கு முடிந்தாலும் என் ஹீட்டர் ஒரு நாள் 9:04-க்கு ஓடும், இன்னொரு நாள் 9:11-க்கு. பழுது என்று நினைத்துப் புகார் கொடுக்கப் போனேன். எல்லா வீட்டு ஹீட்டரும் ஒரே நொடியில் எழுந்தால் 9 மணிக்குப் புதிய உச்சம் வந்துவிடும், அதனால் வேண்டுமென்றே கலைத்து விடுகிறார்களாம். சரி என்று திரும்பிவிட்டேன்.

சொதப்பலும் உண்டு. ஒரு நாள் 'அணை' என்ற கட்டளை வந்தது. 'போடு' வருவதற்குள் வைஃபை படுத்துவிட்டது. காலையில் பச்சைத் தண்ணீர். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்கு மணி நேரத்தில் மறு கட்டளை வராவிட்டால் தானாக ஓடத் தொடங்கும்படி நாமே இயக்கி வைக்கக்கூடிய அமைப்பு கருவியிலேயே இருந்தது, யாரும் சொல்லவில்லை. நியூசிலாந்தில் 1950-களிலிருந்தே மின்கம்பி வழியாகவே சைகை அனுப்பி ஹீட்டர்களைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதற்கு வைஃபையே தேவையில்லை என்பதை அன்று கொஞ்சம் பொறாமையோடு படித்தேன்.

ஏசி சுமார்தான். முன்கூட்டியே குளிரூட்டிவிட்டு மாலையில் 26 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள். கீழ் அறையில் தெரியவே இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் நாற்பது நிமிடத்தில் வெக்கை.

என் பெரிய வருத்தம் கணக்கில். முந்தைய பத்து நாட்களின் சராசரியை வைத்து, அதைவிட எவ்வளவு குறைத்தீர்கள் என்று பார்க்கிறார்கள். நான்தான் ஹீட்டரை நிரந்தரமாக மதியத்துக்கு மாற்றிவிட்டேனே, மாலையில் குறைக்க என்ன மிச்சம்? தினமும் மாலையில் எல்லாவற்றையும் ஓடவிட்டு, செய்தி வரும் அன்று மட்டும் அணைப்பவருக்கு என்னைவிட அதிகக் கழிவு. இரண்டு முறை எழுதிக் கேட்டேன், "விதிமுறைப்படி சரி" என்று பதில் வந்தது. மதியக் கட்டணம் குறைவாக இருப்பதால் எனக்கு லாபம் அந்த வழியில்தான் வருகிறது.

நான்காம் வருடத்துக்கும் புதுப்பித்துவிட்டேன். ஹீட்டர் அவர்கள் கையில், மாடி அறை ஏசி மட்டும் என் கையில்.