வற்றலா, அச்சாறா? ஹட்டன் மழைக்கு எது தாங்கும்?

இலங்கை மலைநாட்டு ஊரான எங்கள் ஹட்டனில், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி மட்டுமே வைத்திருப்பவர்களுக்கும் போஞ்சியும் கறிமிளகாயும் ஒன்றாகக் காய்த்துத் தள்ளும் வாரங்கள் உண்டு. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதை வற்றல் போடுவதா, அச்சாறு போடுவதா? நான் அச்சாறின் பக்கம் சாய்ந்துவிட்டவள். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டியில் உறையவைப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வற்றலின் நன்மைகள் தெரிந்தவைதான். உப்பும் மோரும் போதும், போத்தல் வேண்டாம், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம். செலவும் குறைவு. பருப்புக்கறியும் சோறுமாக உட்காரும்போது பொரித்த மோர்மிளகாய்க்கு ஈடு கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்றின் ஈரம். வெயில் மட்டும் அடித்தால் போதாது, சுற்றியிருக்கும் காற்று ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. மழை விட்ட நாளிலும் பிற்பகலில் மூட்டம் இறங்கிவிடும். காலையில் சுருங்கிய மிளகாய் மாலையில் மறுபடி நமுத்துப்போகும். தோல் காய்ந்தது போலத் தெரிந்தாலும் காம்படியிலும் விதையைச் சுற்றியும் ஈரம் நிற்கும். பூஞ்சணம் தொடங்குவது அங்கேதான். காய்ந்ததென்று நினைப்பதைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் உட்புறம் ஆவி படிந்திருந்தால் இன்னும் காயவில்லை. பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துவிட்டுப் பொரிக்கவே கூடாது. மிளகாயில் வளரும் சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்லடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. எண்ணெய்ச் சூட்டிலும் அது முழுவதும் அழியாது.

மலைக்கு அந்தப் பக்கம் ஊவா மாகாணத்தில் இருக்கும் பண்டாரவளைக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டத் தேவையில்லை. உயரத்தில் இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பருவக்காற்று மழையை எங்கள் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் வறண்ட காற்றாகத்தான் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவதும் அந்தக் காற்றே. அங்கே இருந்திருந்தால் நானும் வற்றல்தான் போட்டிருப்பேன். எங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். வற்றலுக்கு அதுதான் காலம்.

அச்சாறு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. கடுகை இஞ்சி, பூண்டோடு வினாகிரி விட்டு மைபோல அரைத்துக்கொள்கிறேன். போஞ்சி, கரட், சின்ன வெங்காயம், கறிமிளகாய் எல்லாவற்றையும் கழுவித் துணியில் பரப்பி, நீர்ப்பசை போகும்வரை வீட்டுக்குள்ளேயே விடுகிறேன். பிறகு உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கொதித்த வினாகிரியில் போஞ்சியையும் கரட்டையும் ஒரு கொதி காட்டி எடுத்து, ஆறியதும் கடுகு விழுதோடு எல்லாவற்றையும் கலந்தால் வேலை முடிந்தது. காப்பது புளிப்பு: புளிப்பு ஏற ஏறக் குறையும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால் போட்டுலிசம் நஞ்சைத் தரும் கிருமி வளராது. ஆகவே காரம் குறைந்தாலும் பரவாயில்லை, வினாகிரியில் தண்ணீர் கலக்கக் கூடாது. தென்னங்கள்ளில் செய்த வினாகிரி கிடைத்தால் அதையே வாங்குங்கள், மணம் வேறு.

வினாகிரிக்கும் போத்தலுக்கும் பணம் போகிறது, உண்மைதான். மின்சார உலர்த்தியை நான் பாவித்ததில்லை. விறகடுப்புக்கு மேல் பரண் கட்டி உலர்த்துகிறவர்களுக்கு மழை ஒரு தடையாக இருக்காது. எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. எங்கள் அச்சாறு சில மாதங்களிலேயே தீர்ந்துவிடுவதால், ஒரு வருடம் தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

போத்தலுக்குத் தகர மூடி வேண்டாம், வினாகிரி அதை அரித்துவிடும். முதல் வாரத்தில் அவ்வப்போது திறந்து பாருங்கள். காய் வினாகிரிக்கு மேலே தலை நீட்டினால் உலர்ந்த கரண்டியால் அமுக்கிவிட வேண்டும்.